சாந்தாமணிக்கு எந்த லெவல்?

சாந்தாமணி வதினாவை ஃப்ரீசர் பெட்டியில் கிடத்தியிருந்த அன்று, துக்கம் கேட்க வந்த சோமனூர்ப் பெண்மணி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முகத்துல ஒரு தொய்வு இல்ல பாருங்க. எந்த கிளினிக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "எந்த லெவல்ல வெச்சாங்க?" என்றார் அடுத்து. அதற்குள் யாரோ மாலையோடு வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் நின்ற நிலையில் சொல்லி முடித்திருக்க முடியாது. அது கொஞ்சம் நீளமான கதை.

அண்ணன் மனைவியை எங்கள் வீடுகளில் வதினா என்போம். பாதி தெலுங்கும் பாதி கோயம்புத்தூர்த் தமிழுமாகப் பேசுகிற குடும்பம் எங்களுடையது. வதினா வெள்ளகோவில் பக்கத்து விவசாய வீட்டில் பிறந்து, என் அண்ணன் வெங்கடபதியைக் கட்டிக்கொண்டு துடியலூருக்கு வந்தவர். அண்ணனுக்கு அங்கே ஒரு ஃபவுண்டரி. இரும்பை உருக்கி, மோட்டார் பம்புகளுக்கு மேல்கூடு வார்த்துக் கொடுக்கிற தொழில்.

வதினாவின் மரியாதையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையே அதில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் விருந்தாளியைக் கார் வரைக்கும் போய் வழியனுப்பாவிட்டால் வழியனுப்பியதாகவே கணக்கில்லை. அப்படி ஒருமுறை வழியனுப்பும்போது, வந்தவர் காரில் ஏறிக் கதவைச் சாத்த, வதினாவின் விரல்கள் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டன. வதினா மற்றொரு கையால் கண்ணாடியைத் தட்டி, "ஏனுங்க, கதவைக் கொஞ்சம் திறக்கறீங்களா? அவசரமில்லீங்க" என்றார். நகம் கறுத்து விழுந்து புதிது முளைக்கிற வரைக்கும் அந்த விருந்தாளிக்கு விஷயம் தெரியாது. வலிக்கிறது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஏதோ தப்பு செய்துவிட்டதாக ஆகிவிடும் அல்லவா? ஒருவரை அப்படிச் சங்கடப்படுத்துவதைவிட நகம் போவது மேல். எங்கள் ஊரில் இதை நல்ல வளர்ப்பு என்பார்கள்.

அண்ணன் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் வதினா ஃபவுண்டரிக்குப் போய் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றும் தெரியாமல் போய் உட்காரவில்லை. எந்தப் பழைய இரும்பில் எவ்வளவு துரு, எந்த நாளில் அச்சுக்கான மணல் ஈரமாக இருக்கும், எந்தக் கம்பெனிக்காரர் சரக்கை வாங்கிக்கொண்டு பணத்துக்குப் பதில் பேச மாட்டார் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில் அண்ணன் புலம்பிப் புலம்பி அவருக்கு மனப்பாடம். சில மாதங்களிலேயே, ஓட்டை விழுந்து திரும்பி வருகிற வார்ப்புகள் குறைந்தன. தாமதம் என்று யாரும் போன் செய்யவில்லை.

ஆனால் குடும்பத்தில் யாரும் வார்ப்புகளைப் பார்க்கவில்லை. வதினாவின் கன்னத்தைப் பார்த்தார்கள். அண்ணன் போன பிறகு அவர் இளைத்ததில், கன்னம் இரண்டும் தாடையோரம் இறங்கி வாயின் இருபுறமும் மடிப்பு விழுந்திருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ரொம்பத் தளர்ந்து போயிட்டீங்க." வதினா எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்.

இந்த வாக்கியத்தை அதிகமாகச் சொன்னவர் என் சித்தப்பா அழகிரிசாமி. ஃபவுண்டரியில் அவரும் ஒரு பங்காளி. எழுபது தாண்டியவர். அவருடைய கன்னங்கள் என் கல்யாணத்தின்போதே சட்டைக் காலரைத் தொட்டுவிட்டன. அவரை யாரும் தளர்ந்துவிட்டதாகச் சொன்னதில்லை. ஆண்களுக்கு அது கம்பீரம். "பாவம், அம்மணி எத்தன நாளைக்கு இந்தப் பாரத்தைச் சுமக்கும்?" என்று கல்யாணத்திலும் காதுகுத்திலும் சொல்லிச் சொல்லி, அதற்கு ஒரு தீர்வையும் அவரே கண்டுபிடித்திருந்தார். அவருடைய மகன் சாய்சரண் அந்த நாற்காலியில் உட்காருவது. அண்ணனின் வருஷத் திதிக்கு எல்லாப் பங்காளிகளும் வருவார்கள், சாப்பாடு முடிந்ததும் பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. வதினாவின் சம்மதம் இல்லாமல் எதுவும் மாறாது என்பதுதான் ஒப்பந்தம். ஆனால் வதினா இதுவரை யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆகவே சம்மதம் வாங்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டார்கள். சாய்சரண் வந்து, ஏசியை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துவிட்டும் போனான்.

ஒருநாள் உக்கடம் குளத்தோரம் காரில் வந்துகொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். வதினா பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விரலால் கன்னத்தை மேலே தூக்கிப் பார்த்தார்.

"அம்மணி, இதைக் கொஞ்சம் தூக்கி நிறுத்திப்போட்டா மாமாவுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதில்ல?" என்றார். என் சித்தப்பா அவருக்கு மாமா முறை.

சம்மதமில்லை என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட முகத்தையே மாற்றிக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்தது. எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. நானும் அதே வளர்ப்புதானே.

கத்தி வைக்காமல் தோலை இறுக்குகிற சிகிச்சை இப்போது எங்கள் வட்டாரத்தில் சர்வசாதாரணம். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பெண்கள் அதைத்தான் பேசுகிறார்கள். பங்காரம்மா என்று எங்களுக்கு ஒரு தூரத்து உறவு, நூல் மில்லுக்காரர். அவர் வதினாவைத் தனியாக அழைத்துப்போய், தனக்கு ஒன்பதாவது லெவலில் வைத்ததாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் எட்டரை என்றார். ஆறு என்று சொன்ன ஒரு பெண்ணைப் பார்த்து எல்லோரும் ஆறுதலாகச் சிரித்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணற்றுக்கு ஏழரை குதிரைசக்தி மோட்டார் வைத்தால் நாம் பத்து வைக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு விஷயம். அந்த மோட்டாருக்கு வார்ப்பு செய்து கொடுத்தே நாங்கள் மூன்று தலைமுறையாகச் சாப்பிடுகிறோம். இப்போது கிணற்றுக்குப் பதில் கன்னம்.

கிளினிக்கில் டாக்டர் ஹாரிகா சின்னப் பெண். பொறுமையாக விளக்கினார். கருவி தோலுக்கு அடியில் சூட்டை இறக்கும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற கொலாஜன் என்கிற நார்ப்புரதம் சுருங்கும், பிறகு மாதக்கணக்கில் புதிதாக வளரும். சூடு குறைந்தால் ஒன்றும் நடக்காது. மிஞ்சினால் தோல் புண்ணாகும், நம் நிறத்துக்குக் கருமை தட்டும். எலும்புக்கு மேலே தோல் மெலிசு, அங்கே குறைக்க வேண்டும், சதைப்பற்றான இடத்தில் கொஞ்சம் கூட்டலாம். ஒரு முகத்துக்குள்ளேயே நாலு அளவு. அடுத்தவருக்கு வைத்த எண்ணைக் கேட்டுக்கொண்டு வருவதில் அர்த்தமே இல்லை என்றார். வதினா ஃபவுண்டரிக்காரி, சூட்டைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையாட்டினார்.

"மரத்துப்போற மருந்து தடவ மாட்டேனுங்க மேடம். எவ்வளவு சுடுதுன்னு நீங்க சொல்லச் சொல்லத்தான் நான் அளவு வைக்கணும். சூடா இருக்கணும், தாங்கற மாதிரியும் இருக்கணும். பத்துக்கு எத்தனைன்னு சொல்லிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்போம். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் தொடுவதற்கு முன்னால் எந்த ஊர், எந்த வீடு என்று விசாரிக்காமல் இருக்க முடியாது. வதினா படுத்துக்கொண்டே விசாரித்தார். டாக்டரின் அம்மா, வதினாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவிக்குச் சித்தி மகள் என்று தெரியவந்தது. மேடம் அந்த நிமிஷமே அத்தை ஆனார். டாக்டர் கண்ணு ஆனார். இனி அந்தப் பெண்ணின் கையில் தன் முகம் வெந்தே போனாலும் வதினா வாயைத் திறக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கருவி கன்னத்தில் ஓடியது. எத்தனை என்று கேட்டார் டாக்டர். வதினா இரண்டு என்றார். டாக்டர் கூட்டினார். இப்போது? இரண்டுதான் கண்ணு. இன்னும் கூட்டினார். வதினாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய கால் கட்டைவிரல் மடங்கிக்கொண்டே போவது தெரிந்தது. முகத்தில் மட்டும் விருந்தாளியை வரவேற்கிற சிரிப்பு. "ஒண்ணுமில்ல கண்ணு, நீ பண்ணு. அம்மா சௌக்கியமா?"

இரண்டு நாளில் தாடையோரம் கொப்புளம் கிளம்பியது. முகம் முழுக்க வீங்கிவிட்டது. வீக்கத்தோடு ஒரு சீமந்தத்துக்குப் போனோம். "இப்பத்தான் பூசினாப்பல நல்லா இருக்கீங்க" என்று எல்லோரும் பாராட்டினார்கள். சித்தப்பா மட்டும் கூர்ந்து பார்த்து, "உடம்புல நீர் கோத்திருக்குதா அம்மணி? ரெஸ்ட் எடுத்தாத் தேவலை" என்றார். திதிக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

வதினா ஒரு டப்பா முறுக்கோடு கிளினிக்குக்குப் போனார். கொப்புளத்தைக் காட்டப் போகவில்லை, நன்றி சொல்லப் போனார். டாக்டர் தாடையைப் பார்த்ததும் முறுக்கை வாங்கவே இல்லை. மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறுகிற வரைக்கும் கருவி பக்கமே வரக்கூடாது என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்து வதினாவின் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"அத்தை, இந்த மெஷின்ல பாதி கண்ட்ரோல்தான் என்ற கையில இருக்கு. மீதி உங்க வாயில. நீங்க எனக்குப் பொய் சொன்னீங்க."

வதினாவை வாழ்நாளில் யாரும் பொய்க்காரி என்று சொன்னதில்லை. வீடு வந்து இறங்கும்போது, "நான் அந்தப் புள்ளைக்கு நல்லதுதானே நெனச்சேன்" என்றார். நான் ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கும் வராது.

புண் ஆறியதும் மறுபடி போனோம். இந்த முறை டாக்டர் குறைந்த அளவிலிருந்து தொடங்கினார். எத்தனை? "ரெண்டு கண்ணு." கட்டைவிரல் மடங்கியது. நான் டாக்டரிடம் விரலைக் காட்டினேன். டாக்டர் கருவியை நிறுத்திவிட்டு, கட்டைவிரலைப் பார்த்து வைத்தியம் பண்ண முடியாது, அத்தை வாயால் சொன்னால்தான் தொடருவேன் என்றார். திரும்பவும் ஆரம்பித்தார். வதினா முயற்சி செய்தார். "கண்ணு, நீ நல்லாத்தான் பண்ற. உன்ற கையும் ராசியான கை. மெஷினும் நல்ல மெஷினு. இருந்தாலும்..." அவர் 'இருந்தாலும்' என்பதற்கு வருவதற்குள் கருவி காதோரம் போய்விட்டது.

"வாழ்த்துரை வேண்டாங்க அத்தை. ஒரே வார்த்தை."

கருவி தாடையெலும்பை நெருங்கியது. வதினாவின் உதடு ஒருமுறை திறந்து மூடியது.

"சுடுது."

'ங்க' இல்லை. 'கண்ணு' இல்லை. சொன்னவுடன் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டு உடைத்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். வானம் இடிந்து விழவில்லை. டாக்டர் அளவைக் குறைத்தார், அவ்வளவுதான். இப்போது? "தாங்குது." இங்கே? "சுடுது. கொறை." இங்கே? "இங்க ஒண்ணுமே தெரீல, கூட்டு." கொஞ்ச நேரத்தில் உலைக்குப் பக்கத்தில் நின்று ஆட்களை வேலை வாங்குகிறவர் போல ஆகிவிட்டார். கன்னத்தில் நாலிலும் தாடையோரம் மூன்றிலும் வந்து நின்றது. பங்காரம்மாவின் ஒன்பதில் பாதிகூட இல்லை.

அன்று சாயங்காலம் நான் போட்டுக் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மணி, உன்ற காப்பி என்னைக்குமே தண்ணிதான்" என்றார். இத்தனை வருஷமும் அதைக் குடித்து, நன்றாக இருப்பதாகச் சொன்னவர். எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் மேல்.

ஆனால் கணக்கு ஓரிடத்தில் இடித்தது. இந்தச் சிகிச்சையின் பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். வீக்கத்தில் போன வாரங்கள் போக, திதி வந்துவிட்டது. அன்று காலை கண்ணாடி முன் நின்ற வதினாவின் கன்னங்கள் சிகிச்சைக்கு முன் இருந்த இடத்திலேயே இருந்தன. கூடுதலாகத் தாடையில் ஒரு பழுப்புத் தழும்பு. பவுடர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

திதி முடிந்தது. சாப்பாடு முடிந்தது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வெங்கடபதியின் பெருமையை நெடுநேரம் பேசினார். பிறகு வதினாவின் தியாகத்தைப் பேசினார். பாரத்தை இறக்கி வைக்கிற நேரம் வந்துவிட்டது என்றார். சாய்சரண் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தான். நல்ல வளர்ப்பு. கடைசியில் சித்தப்பா வதினா பக்கம் திரும்பி, "அப்புறம் என்ன அம்மணி, சம்மதந்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார்.

"இல்லீங்க மாமா" என்றார் வதினா.

சித்தப்பா சுண்ணாம்பு தடவிக்கொண்டே தலையாட்டினார். பிறகுதான் காதில் விழுந்தது போல. கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் இந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. வழக்கமே கிடையாது.

"உன்ற நல்லதுக்குத்தானே சொல்றேன் அம்மணி. முகத்தைப் பாரு, எப்படித் தளர்ந்து தொங்கிப்போச்சுன்னு."

"ஆமாங்க, தொங்கித்தான் போச்சு" என்றார் வதினா. "உங்களுக்கும் தொங்கித்தானுங்க இருக்குது மாமா. தோலை இறுக்கற டாக்டர்கிட்ட எனக்குப் பணம் கட்டின இன்னொரு சிட்டிங் பாக்கி இருக்குதுங்க. எனக்கு வேண்டாம், நீங்க போய்ப் பண்ணிக்கங்க. நல்ல புள்ள, நம்ம சொந்தந்தான். சுட்டா மட்டும் உடனே சொல்லிப்போடுங்க, கொறைச்சு வெப்பாங்க."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை என்பதுதான் அதில் விசேஷம். பந்தியில் இன்னும் ஒரு கரண்டி வைத்துக்கொள்ளச் சொல்கிற அதே குரல். சித்தப்பாவின் கை தானாக எழுந்து தன் கன்னத்தைத் தொட்டது. கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லோருடைய கண்களும் அந்தக் கையோடு போயின. அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தான் அந்தக் கன்னம் கண்ணில் பட்டது. யாருக்கோ சிரிப்பு வந்து, இருமலாக்கி விழுங்கினார். சாய்சரண் தலையைத் தூக்கவே இல்லை. நாற்காலியைப் பற்றி அன்று அதற்குமேல் யாரும் பேசவில்லை. பிறகும் பேசவில்லை.

மாட்டேன் என்று வதினா சொன்னதை எங்கள் சொந்தக்காரர்கள் ஒத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். அப்படி ஒன்று நடந்ததை ஒத்துக்கொண்டால் நாளைக்கு அவரவர் வீட்டிலும் நடக்கும். ஆகவே வேறு விளக்கம் கண்டுபிடித்தார்கள். சிகிச்சை நன்றாக வேலை செய்திருக்கிறது, முகம் இறுகிவிட்டது, அதோடு ஆளும் இறுகிவிட்டார் என்று. சாந்தாமணிக்கு வைத்த லெவல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பெண்கள் ஹாரிகாவிடம் வரிசையாகப் போனார்கள். அவரவர் தோலுக்குத் தகுந்த அளவுதான் என்று டாக்டர் சொன்னார். நான் என் பங்குக்கு மூன்று, நாலு என்று உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மறைக்கிறோம் என்றார்கள். பங்காரம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

திதி முடிந்து சில வாரம் கழித்து ஒருநாள் ஃபவுண்டரியில் இருந்தோம். உலை கொதித்துக்கொண்டிருந்தது, ஊற்றுகிற நேரம். சித்தப்பாவின் கார் வந்து நின்றது. இறங்கி வந்தவரின் கன்னம் இரண்டும் மிளகாய்ப்பழம் போலச் சிவந்து, தொடவே பயமாக இருந்தது. வந்த விஷயம் ஒன்றுமில்லை, இந்தப் பக்கம் போனேன், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். வதினா அவரை உட்காரவைத்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

"ரொம்பச் சுட்டுதுங்களா மாமா?"

"சேச்சே. ஒண்ணுமே தெரீல அம்மணி."

வதினா எதிர்க்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். உள்ளே உலையிலிருந்து கூப்பிட்டார்கள். "இருங்க மாமா, ஊத்திப்போட்டு வாரேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனார்.